வளையம் சிறிது, வேலை பெரிது



லாரி ஷெட்டில் லோடு ஏற்றி முடித்ததும் மேலே தார்ப்பாய் போட்டு இழுத்துக் கட்டுவார்கள். அந்தத் தார்ப்பாயின் ஓரத்தில் வரிசையாகப் பித்தளைக் கண் பதித்திருக்கும். கயிறு அந்தக் கண் வழியாகத்தான் போகும். கண் கழன்று விழுந்துவிட்டால் என்ன ஆகும் என்று நம்மில் யாருக்கும் சொல்லித் தரவேண்டியதில்லை. வெறும் ஓட்டையில் கயிற்றைப் போட்டு இழுத்தால் போகிற வழியிலேயே துணி கிழியும். மழை பெய்தால் பருப்பு மூட்டை நனையும். நஷ்டம் நம் தலையில்.

இந்தப் பித்தளைக் கண்ணுக்கு இங்கிலீஷில் கிராமெட் என்று பெயர். இதே பெயரில் இன்னொரு சாமானும் உண்டு. அது ரப்பர் வளையம். தகட்டில் போட்ட ஓட்டை வழியாக ஒயர் போகும் இடத்தில், ஓட்டையின் விளிம்பைச் சுற்றிக் கவ்விக்கொண்டு உட்கார்ந்திருக்கும். தார்ப்பாயில் இருக்கும் கண், கயிற்றிடமிருந்து துணியைக் காக்கிறது. இந்த ரப்பர் வளையமோ தகட்டிடமிருந்து ஒயரைக் காக்கிறது. இரண்டுக்கும் தொழில் ஒன்றுதான். உரசும் இரண்டு பொருள்களுக்கு நடுவில் நிற்பது.

இந்த வளையம் ஆகாய விமானத்தில் என்ன வேலை செய்கிறது என்பதைத்தான் இந்த இதழில் எழுதப் போகிறோம். "மளிகைக் கடைக்காரனுக்கு விமானத்தின் ரப்பர் எதற்கு?" என்று கேட்கலாம். நாங்களும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்திருப்போம். எங்கள் லோடு வேன் எங்களுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தது.

எங்கள் வேனுக்கு வந்த வினை

பல வருஷங்களுக்கு முன் நடந்தது. ஹெட்லைட் விட்டு விட்டு எரிகிறது என்று வேனை ஓர் எலக்ட்ரீஷியனிடம் விட்டிருந்தோம். அவர் டேஷ்போர்டைக் கழற்றிப் பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, ஒயர் எஞ்சின் பக்கம் போற ஓட்டையில ரப்பர் இல்ல. தகடு ஒயரை அறுத்துக்கிட்டு இருக்கு. வேற ஒயர் போட்டு ரப்பர் மாட்டணும். வண்டிய இன்னிக்கு இங்கேயே விட்டுட்டுப் போங்க" என்றார்.

"சந்தைக்கு லோடு நிக்குதுப்பா. இப்போதைக்கு டேப்பைச் சுத்தி விடு. ஞாயித்துக்கிழமை பாத்துக்கலாம்" என்றோம்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது, போனது. அடுத்த ஞாயிறும் போனது. மூன்றாவது வாரம், இரவு லோடோடு வரும்போது டேஷ்போர்டிலிருந்து புகை கிளம்பியது. டிரைவர் வண்டியை ஓரம் கட்டி, பேட்டரி ஒயரை வெறும் கையால் பிடுங்கி எறிந்தார். வண்டி தப்பியது. பருப்பு மூட்டைகளும் தப்பின. டிரைவரின் வலது கையில் இரண்டு விரல்கள் இன்றைக்கும் முழுதாக மடங்காது. அந்த ரப்பர் வளையத்தின் விலை அன்றைக்கு இரண்டு ரூபாய்.

அவர் இப்போதும் எங்கள் கடையில்தான் இருக்கிறார். ரசீதுப் புத்தகத்தில் கையெழுத்துப் போடும்போது பேனாவை இடது கையில்தான் பிடிப்பார். "அன்றைக்கே ரப்பரை மாட்டியிருக்கலாமே" என்று ஒரு நாளும் அவர் எங்களைக் கேட்டதில்லை.

ஆஸ்பத்திரியில் அவரைப் பார்க்க எங்கள் உறவுக்காரப் பையன் ஒருவனும் வந்திருந்தான். அவன் விமானம் பழுது பார்க்கும் வேலையில் இருப்பவன். நடந்ததைக் கேட்டுவிட்டு, "மாமா, எங்க வேலையில இந்த ரப்பர் இல்லாம ஒரு ஒயர் ஓட்டை வழியா போச்சுன்னா, அந்தப் பிளேனை விட மாட்டோம்" என்றான். அன்று தொடங்கி அவனிடம் கேட்டும், கிடைத்ததைப் படித்தும் தெரிந்துகொண்டதையே கீழே தருகிறோம்.

விமானத்துக்குள் எத்தனை ஒயர்!

போயிங் 747-400 என்ற ஜம்போ விமானத்தில் சுமார் 60 லட்சம் பாகங்கள். அதில் பாதி போல்ட், ரிவெட் போன்ற பிணைப்புச் சாமான்கள். அதற்குள் ஓடும் ஒயரின் நீளம் சுமார் 275 கிலோமீட்டர். மதுரையிலிருந்து திருச்சிக்குப் போய்த் திரும்பும் தூரம். இவ்வளவு ஒயரும் ஒரே விமானத்தின் வயிற்றுக்குள் சுருண்டு கிடக்கிறது.

விமானத்தின் உடம்பு பெரும்பாலும் அலுமினியத் தகடு. உள்ளே விலா எலும்பு போல வளைவுச் சட்டங்கள், குறுக்குத் தடுப்புகள். ஒயர்க் கட்டுகள் இவற்றில் போட்ட ஓட்டைகள் வழியாகத்தான் மூக்கிலிருந்து வால் வரைக்கும் போகவேண்டும். அறுத்த தகட்டின் விளிம்பு கத்தி மாதிரி. ஒயரின் மேல் உறையோ, எடை கூடக் கூடாது என்பதற்காக மிக மெல்லியதாக இருக்கும். வீட்டு ஒயரின் தடித்த உறையை நினைத்துக்கொள்ளக் கூடாது.

இதோடு அதிர்வும் சேர்கிறது. எஞ்சின் ஓடும் நேரமெல்லாம் தகடும் ஒயரும் கண்ணுக்குத் தெரியாமல் ஆடிக்கொண்டே இருக்கின்றன. ஒரு நாள் உரசினால் ஒன்றும் ஆகாது. 20 வருஷம் உரசினால் உறை தேய்ந்து செம்பு தெரியும். அதில் ஓடுவது 115 வோல்ட் மின்சாரம். செம்பு தகட்டைத் தொட்ட இடத்தில் பொறி பறக்கும்.

"ஃபியூஸ் போய்விடாதா?" என்று கேட்கலாம். ஒரேயடியாகத் தொட்டால் சர்க்யூட் பிரேக்கர் விழும். விட்டு விட்டுத் தொட்டால், சாதாரணப் பிரேக்கர் விழாமலே பொறி மட்டும் பறந்துகொண்டிருக்கும். எங்கள் வேனில் நடந்ததும் இதுதான். வேனை ஓரம் கட்டலாம். 30,000 அடி உயரத்தில் ஓரம் ஏது?

இரண்டு பெரிய விபத்துகள்

17-7-1996 அன்று நியூயார்க்கிலிருந்து பாரிஸ் புறப்பட்ட டி.டபிள்யூ.ஏ. 800 என்ற ஜம்போ விமானம் புறப்பட்ட சில நிமிடங்களில் கடல் மேலே வெடித்தது. 230 பேர் இறந்தார்கள். 25 வருஷம் ஓடிய விமானம். நடு எரிபொருள் தொட்டியில் இருந்த ஆவி தீப்பிடித்திருக்கிறது. தீ எங்கிருந்து வந்தது என்று உறுதியாகச் சொல்ல முடியாவிட்டாலும், தொட்டிக்கு வெளியே ஒயரில் ஏற்பட்ட ஷார்ட் சர்க்யூட்தான் மிகவும் சாத்தியமான காரணம் என்று அமெரிக்க விசாரணை வாரியம் கூறியது.

2-9-1998 அன்று நியூயார்க்கிலிருந்து ஜெனிவாவுக்குப் போன ஸ்விஸ் ஏர் 111 விமானத்தில், விமானி அறைக்கு மேற்கூரையில் தீப்பிடித்தது. கனடா நாட்டுக் கடலோரத்தில் விழுந்து 229 பேர் மாண்டார்கள். கனடா அதிகாரிகள் கடலடியிலிருந்து உடைந்த துண்டுகளை எடுத்து நான்கு வருஷத்துக்கு மேல் ஆராய்ந்தார்கள். ஓர் ஒயரில் பறந்த பொறி, பக்கத்திலிருந்த எளிதில் எரியும் உறையைப் பற்ற வைத்தது என்று 2003-ல் அறிக்கை கொடுத்தார்கள்.

இந்த இரண்டு விபத்துக்கும் ரப்பர் வளையம் இல்லாததுதான் காரணம் என்று யாரும் சொல்லவில்லை. நாங்களும் சொல்லவில்லை. ஒயரின் உறை போனால் விளைவு எவ்வளவு தூரம் போகும் என்பதற்கே இதைச் சொன்னோம். ஒயர் கெடப் பல வழி உண்டு. அதில் ஒரு வழியை அடைத்து நிற்பதுதான் இந்த வளையம்.

ஸ்விஸ் ஏர் விபத்துக்குச் சில மாதம் முன்னால், 1998 மே மாதத்தில், 50,000 மணி நேரத்துக்கு மேல் பறந்திருந்த பழைய போயிங் 737 விமானங்களை, எரிபொருள் பம்ப்பின் ஒயரைச் சோதிக்காமல் பறக்க விடக்கூடாது என்று அமெரிக்க விமானத்துறை உத்தரவிட்டது. தொட்டிக்குள் குழாய் வழியாகப் போன ஒயர்கள், அதிர்வில் உரசி உரசித் தேய்ந்திருந்தது சோதனையில் தெரிந்ததுதான் காரணம். பிறகு 2007-ல், எஞ்சின், சக்கரம் என்பதைப் போல ஒயரிங்கையும் விமானத்தின் தனி அங்கமாக வைத்துப் பராமரிக்கவேண்டும் என்று விதிகள் கொண்டுவந்தார்கள்.

வளையம் மாட்டுவதிலும் முறை உண்டு

இந்த வளையத்துக்கு அமெரிக்க விமானத்துறையின் பராமரிப்புக் கையேட்டில் தெளிவான முறை சொல்லியிருக்கிறார்கள். முதலில் ஒயர்க் கட்டை ஒரு கிளாம்ப் போட்டு ஓட்டையின் நடு மையத்தில் நிறுத்தவேண்டும். விளிம்புக்கும் ஒயருக்கும் கால் அங்குல இடைவெளி கூட இல்லாவிட்டால் கட்டாயம் கிராமெட் மாட்டவேண்டும். ஒயரின் பாரத்தைச் சுமப்பது கிளாம்ப்பின் வேலை. கிராமெட்டின் வேலை காப்பது மட்டும்.

நைலானில் செய்த வளையத்தை மாட்டுவதற்காக அறுக்க நேர்ந்தால், அறுத்த வாய் ஓட்டையின் மேல்பக்கம் இருக்கவேண்டும், 45 டிகிரி சாய்வாக அறுத்திருக்கவேண்டும் என்று அதையும் எழுதி வைத்திருக்கிறார்கள். ஒயர் தொங்கினால் கீழ்ப்பக்கம்தான் படும். அங்கே இடைவெளி இருக்கலாகாது. ஓர் அறுப்புக்கு இவ்வளவு யோசனை!

எல்லாம் கறுப்பு ரப்பர்தானே?

இங்கேதான் வியாபாரிகளாகிய நாம் காது கொடுக்கவேண்டும். எங்கள் உறவுக்காரப் பையன் இரண்டு வளையங்களை எங்கள் கையில் கொடுத்து, "மாமா, இதுல வித்தியாசம் சொல்லுங்க" என்றான். இரண்டும் கறுப்பு. ஒரே அளவு. ஒரே கனம். நாற்பது வருஷம் சரக்கு பார்த்த கண்ணுக்கும் ஒன்றும் தெரியவில்லை.

ஒன்று நைட்ரைல் ரப்பர். பெட்ரோலியம் எண்ணெய் பட்டால் தாங்கும். ஆனால் பெரிய ஜெட் விமானங்களின் ஹைட்ராலிக் குழாயில் ஓடும் பாஸ்பேட் வகைத் திரவம் பட்டால் கெட்டுவிடும். மற்றொன்று ஈ.பி.டி.எம். என்ற ரப்பர். அந்தத் திரவத்தைத் தாங்கும். பெட்ரோலியம் எண்ணெய் பட்டால் ஊதிப் போய்விடும். சூடு அதிகமுள்ள இடத்துக்கு இரண்டுமே உதவாது, சிலிக்கோன் வேண்டும். இடம் மாற்றி மாட்டினால் வளையம் இருந்தும் இல்லாத கதைதான்.

ஆகவே விமானத் தொழிலில் "அதே மாதிரி ஒண்ணு கொடுங்க" என்ற பேச்சே கிடையாது. ஒவ்வொரு வளையத்துக்கும் நம்பர் உண்டு. நம்பரைச் சொல்லித்தான் வாங்குவார்கள்.

கண்ணளவு என்ன செய்யும் என்பதற்கு ஒரு சம்பவம். 10-6-1990 அன்று பிர்மிங்காமிலிருந்து ஸ்பெயினுக்குப் போன பிரிட்டிஷ் ஏர்வேஸ் 5390 விமானத்தில், 17,300 அடி உயரத்தில் விமானிக்கு முன்னாலிருந்த கண்ணாடி பிய்த்துக்கொண்டு போனது. கேப்டனின் பாதி உடம்பு வெளியே இழுக்கப்பட்டது. ஊழியர்கள் அவர் காலை விடாமல் பிடித்துக்கொள்ள, துணை விமானி விமானத்தை இறக்கினார். கேப்டன் உட்பட எல்லோரும் பிழைத்தார்கள்.

முந்தைய நாள் அந்தக் கண்ணாடியை மாற்றி மாட்டியிருந்தார்கள். மாட்டிய 90 போல்ட்டில் 84 போல்ட்டின் கனம் 0.026 அங்குலம் குறைவு. அரை மில்லிமீட்டருக்குச் சற்றுக் கூட, அவ்வளவுதான். மீதி ஆறு நீளம் குறைவு. ஸ்டோரில் இருந்தவர் சரியான நம்பரைச் சொல்லியிருக்கிறார். மாட்டியவர் அதை எடுத்துக்கொள்ளாமல், பழைய போல்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு, வெளிச்சம் போதாத வேறோர் இடத்திலிருந்த பெட்டியில் ஒப்பிட்டுப் பார்த்துப் பொறுக்கி எடுத்தார். அவர் அனுபவசாலிதான். அனுபவத்தை நம்பித்தான் நம்பரை விட்டார்.

ஸ்டோரில் ரப்பரை வைக்கும் விதம்

ரப்பரும் நம் சரக்கு மாதிரிதான். வைத்திருக்க வைத்திருக்க வீணாகும். வெயில், சூடு, காற்றிலுள்ள ஓசோன் எல்லாம் அதைக் கெடுக்கும். அதனால் ரப்பர்ச் சாமானை உறையில் மூடி, வெளிச்சம் படாமல், ஓடும் மின்மோட்டார் பக்கத்தில் வைக்காமல் பாதுகாப்பார்கள். மோட்டாரின் பொறியிலிருந்தும் ஓசோன் வருமாம். ரப்பரைப் பதப்படுத்திய வருஷமும், மூன்று மாதக் கணக்கில் எந்தக் காலாண்டு என்பதும் உறை மேலே இருக்கும். பழையதை முதலில் கொடுத்து, புதியதைப் பின்னால் வைப்பார்கள். கெடு தாண்டிவிட்டால், தொட்டுப் பார்க்க நன்றாக இருந்தாலும் ஒதுக்கிவிடுவார்கள். முன் வந்தது முன் போகவேண்டும் என்பது நம் கடையிலும் இருக்கும் வழக்கம்தான். வழக்கமாக இருக்கிறதா, பேச்சாக மட்டும் இருக்கிறதா என்பதை அவரவர் கடையின் பின் அலமாரியைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம்.

நடுவில் நிற்கும் வியாபாரி

கடைசியாக, எங்கள் மனதை அதிகம் உறுத்திய விஷயம்.

விமானத்துக்குப் போகும் பாகம் எதுவானாலும் கூடவே தாளும் போகவேண்டும். பெரிய பாகங்களுக்கு அந்தந்த நாட்டு விமானத்துறை ஏற்ற படிவம். நம் நாட்டில் அதற்கு சி.ஏ. ஃபார்ம் 1 என்று பெயர். போல்ட், கிராமெட் போன்ற சிறு சாமான்களுக்குத் தயாரித்தவர் கொடுக்கும் தரச்சான்று. தாள் இல்லாத சாமான் எவ்வளவு புதிதாக இருந்தாலும் மாட்டக்கூடாது.

இதில் பொய் நுழைந்தால் என்ன ஆகும்? 8-9-1989 அன்று ஓஸ்லோவிலிருந்து ஹாம்பர்க் போன பார்ட்நேர் 394 என்ற கான்வேர் விமானம் கடலில் விழுந்து 55 பேர் இறந்தார்கள். வாலின் நிமிர்ந்த துடுப்பை உடம்போடு பிணைத்த போல்ட்டுகளிலும் ஸ்லீவுகளிலும் போலி இருந்தது, அவற்றுக்குத் தேவையான உறுதி இல்லை என்று நார்வே விசாரணையில் தெரிந்தது.

2023-ல் லண்டனில் இருந்து நடந்த ஓர் உதிரிபாக வியாபாரம், விமான எஞ்சின் பாகங்களுக்குப் பொய்ச் சான்றிதழ் கொடுத்து விற்றது வெளியே வந்தது. நூற்றுக்கும் மேற்பட்ட எஞ்சின்களில் அந்தப் பாகங்கள் போயிருக்கலாம் என்று கண்டு, பல நாட்டு விமானக் கம்பெனிகள் தேடித் தேடி மாற்றின.

இதைச் செய்தது தொழிற்சாலை அல்ல. மாட்டிய மெக்கானிக்கும் அல்ல. வாங்கி விற்கிற இடத்தில் நடந்தது. அதாவது நாம் நிற்கிற இடம். செய்தவன் வேறு தேசம், வேறு சரக்கு. ஆனாலும் தொழில் நம் தொழில். படித்தபோது எங்களுக்கு வெட்கமாக இருந்தது.

வாங்குபவர் சரக்கைச் சோதிக்க முடியாது. கறுப்பு வளையம் எந்த ரப்பர் என்று மெக்கானிக்குக் கண்ணால் தெரியாதது போலத்தான், மிளகாய்த்தூளில் என்ன கலந்திருக்கிறது என்று நம்மிடம் வாங்கும் தாய்க்குத் தெரியாது. தயாரித்தவர் சொன்னதை மாற்றாமல் அவர்களிடம் கொண்டு சேர்ப்பதுதான் நடுவில் நிற்பவர் வேலை. தேதியை அழித்து ஒட்டுவதும், வேறு மூட்டைச் சரக்கை நல்ல பெயர் போட்ட சாக்கில் கொட்டுவதும் சின்ன விஷயம் என்று நினைக்கிற நண்பர்கள் உண்டு. அவர்களுக்காகத்தான் இவ்வளவும் எழுதினோம்.

கடைக்கு ஒரு வேலை

வணிகப் பெருமக்கள் இந்த வாரமே செய்யக்கூடிய சில காரியங்களைச் சொல்லி முடிக்கிறோம்.

1. குடோனில் தகரக் கூரை, தகரச் சுவர் வழியாக ஒயர் போகும் ஓட்டை ஒவ்வொன்றையும் பாருங்கள். ரப்பர் வளையமோ குழாயோ இல்லாமல் தகட்டைத் தொட்டுக்கொண்டு போனால், லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு மெயினை அணைத்துவிட்டு மாற்றச் சொல்லுங்கள்.

2. மாவு மெஷின், ஃப்ரீசர், மின் ஷட்டர் போன்ற அதிரும் சாமான்களில் ஒயர் நுழையும் இடத்தைப் பாருங்கள். அதிரும் இடத்தில்தான் தேய்மானம் அதிகம்.

3. பெயர்ப் பலகைக்குப் போகும் ஒயர் வெயிலில் காய்கிறது. அங்கே இருக்கும் ரப்பர் விரிசல் விட்டிருந்தால் மாற்றிவிடுங்கள்.

4. லோடு வண்டி சர்வீஸுக்குப் போகும்போது, எஞ்சினுக்கும் கேபினுக்கும் நடுவிலுள்ள தகட்டில் ரப்பர் சரியாக இருக்கிறதா என்று வாய் திறந்து கேளுங்கள். இல்லை என்றால் அன்றைக்கே போடச் சொல்லுங்கள். டேப் சுற்றுவது மாற்று ஆகாது.

5. எந்த மெக்கானிக் எதைச் சொன்னாலும் ஞாயிற்றுக்கிழமைக்கு ஒத்திப் போடாதீர்கள்.

அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது என்பார்கள். நாங்கள் அந்தப் பழமொழியைச் சின்ன வயதிலேயே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள்தான். படித்திருந்தும் இரண்டு ரூபாய்க்கு மூன்று வாரம் நாள் கடத்தினோம். இப்போது மாதா மாதம் முதல் தேதி எங்கள் கடையிலும் குடோனிலும் ஒயர் போகும் ஓட்டைகளை டார்ச் அடித்துப் பார்க்கிறோம். டார்ச் பிடிப்பது எங்கள் டிரைவர். இடது கையால்தான் பிடிப்பார்.